டெயில் லேம்ப் வழியா வண்டிக்கு வண்டி டேட்டா: பகல்ல ஒரு கோளாறு, ராத்திரி வேற கோளாறு

பீளமேடு_இசிஇ எழுதியது:

எல்லாருக்கும் வணக்கமுங்க. இறுதியாண்டு ப்ராஜெக்ட். முன்னால போற வண்டியோட டெயில் லேம்ப் ஒளியிலயே பிரேக் நிலையும் வேகமும் பின்னால வர்ற வண்டிக்குப் போகணும்.

அனுப்புற பக்கம்: 12 வோல்ட் சிவப்பு எல்இடி டெயில் லேம்ப், மாஸ்ஃபெட் சுவிட்சிங், நொடிக்கு 100 கிலோபிட், மான்செஸ்டர் கோடிங் (ஒவ்வொரு பிட்லயும் பாதி நேரம் எரியும், பாதி நேரம் அணையும்). பாக்கெட் 100 பைட், கடைசியில சிஆர்சி (பிழை இருக்கான்னு காட்டுற சோதனை எண்).

வாங்குற பக்கம்: பிபிடபிள்யூ 34 ஃபோட்டோடயோடு, முன்னால 25 மிமீ விட்டம், 25 மிமீ குவியத்தூரம் உள்ள லென்ஸ். ஃபீட்பேக்ல 100 கிலோஓம் வெச்ச ட்ரான்ஸ்இம்பீடன்ஸ் ஆம்ப் (டயோடு மின்னோட்டத்தை வோல்ட்டா மாத்துறது), 5 வோல்ட் சப்ளை. அப்புறம் 10 கிலோஹெர்ட்ஸ் ஹை-பாஸ் (மெதுவா மாறுறதைத் தடுக்கும்), அதுக்கப்புறம் கம்பேரேட்டர் (0-வா 1-ஆன்னு தீர்மானிக்கும்).

லேப்ல 15 மீட்டர் தாராளமா வருது. மத்தியான வெயில்ல வெளிய வெச்சா ஆம்ப் அவுட்புட் மேல போய் ஒட்டிக்குது, ஒண்ணுமே வரல. ராத்திரி ரோட்டோரமா மத்த வண்டிங்க போறப்ப வேற மாதிரி: பிட் பிழை நூத்துக்கு ஒண்ணு ரெண்டுதான், ஆனா ஒரு பாக்கெட் கூட சிஆர்சி தாண்ட மாட்டேங்குது. கெயினை ஏத்தணுமா, ஃபில்டர் வாங்கணுமா, சாஃப்ட்வேர்லயே சரி பண்ணலாமா? பெரியவங்க சொல்லுங்க.

---

அனலாக்_கணபதி எழுதியது:

தம்பி, கெயினை மட்டும் ஏத்தாதீங்க. பகல் கோளாறும் ராத்திரி கோளாறும் தனித்தனி. பகலை நான் சொல்றேன், ராத்திரியை வேற யாராச்சும் சொல்லட்டும்.

எதுக்கும் முன்னால ஒரு சோதனை. லென்ஸ் மேல கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி ஒளியை முழுசா அடைச்சுட்டு, எஞ்சினை ஓட விட்டு ஸ்கோப்ல பாருங்க. அப்பவும் இரைச்சல் இருந்தா அது ஒளியில வர்ற குறுக்கீடே இல்லை. ஆல்டர்னேட்டர், இக்னிஷன், இல்லைன்னா உங்க எல்இடி டிரைவரோட பக் கன்வெர்ட்டர் கிரவுண்ட் வழியா உள்ள வருதுன்னு அர்த்தம். ஃபோட்டோடயோடு நிக்கிற புள்ளி ஹை இம்பீடன்ஸ். அங்க ரெண்டு அங்குலம் ஒயர் நீட்டி வெச்சாலே ஆன்டெனாதான். டயோடையும் ஆம்பையும் ஒரே சின்ன அலுமினியப் பெட்டிக்குள்ள அடைச்சு, பெட்டியை ஒரே ஒரு இடத்துல கிரவுண்ட் பண்ணுங்க. இதை முடிக்காம நான் அடுத்து சொல்றதைச் செஞ்சா எது எதுனால சரியாச்சுன்னே தெரியாது.

இப்ப கணக்கு. 5 வோல்ட் சப்ளைல 100 கிலோஓம்னா அதிகபட்சம் 50 மைக்ரோஆம்பியர்தான் தாங்கும். நடு வெயில் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 1000 வாட். வெயில் விழுற ரோடு, சுவர், வேன் முதுகு எல்லாம் உங்க லென்ஸ் வழியா அந்த 7.5 சதுர மிமீ சில்லு மேல பிம்பமா விழுது. சாதாரணக் காட்சிக்கே 0.2 மில்லிஆம்பியர் ஓடும். வெள்ளை வேன் முன்னால நின்னா 0.5 வரைக்கும் போகும். 0.2 மில்லிஆம்பியரை 100 கிலோஓம்ல பெருக்கினா 20 வோல்ட். உங்க ஆம்ப் எப்பவோ மேல முட்டிடுச்சு. ஹை-பாஸ் அதுக்கு அக்கட்டால இருக்கிறதுனால ஒரு பிரயோசனமும் இல்லை.

அந்த நேர்மின்னோட்டம் ஆம்புக்குள்ள வரவே கூடாது. டயோடோட கேத்தோடை 9 வோல்ட் ரெகுலேட்டர்ல இருந்து 100 ஓம், 100 மைக்ரோஃபாரட் ஃபில்டர் வழியா கொடுங்க. ஆனோடுல இருந்து கிரவுண்டுக்கு 10 கிலோஓம். அதே ஆனோடுல இருந்து 10 நானோஃபாரட் கப்பாசிட்டர் வழியா ஆம்போட இன்வர்ட்டிங் இன்புட்டுக்கு. நான்-இன்வர்ட்டிங்கை 2.5 வோல்ட்ல நிறுத்துங்க. வெயிலோட 0.5 மில்லிஆம்பியர் 10 கிலோஓம்ல 5 வோல்டா இறங்கிடும், டயோடுக்கு 4 வோல்ட் ரிவர்ஸ் பயாஸ் மிச்சம் இருக்கும். சிக்னல் மட்டும் கப்பாசிட்டர் வழியா உள்ள போகும். கார்னர் (இதுக்குக் கீழ உள்ள அலைவெண் அடங்குற எல்லை) 1.6 கிலோஹெர்ட்ஸ், அதனால தெருவிளக்கோட 100 ஹெர்ட்ஸும் பதினாறுல ஒண்ணாயிடும்.

உங்க 100 கிலோஓம் ஃபீட்பேக் அப்படியே இருக்கட்டும், அதுக்கு இணையா 4.7 பிகோஃபாரட் போடுங்க. பேண்ட்விட்த் 340 கிலோஹெர்ட்ஸ்ல நிக்கும். ஓபிஏ 380 மாதிரி 90 மெகாஹெர்ட்ஸ் கெயின் பேண்ட்விட்த் உள்ள ஆம்ப் போதும். எல்எம் 358 போட்டிருந்தா கழட்டிடுங்க, இந்த வேகத்துக்கு அது ஆகாது. அடுத்த ஸ்டேஜ்ல 200 கிலோஹெர்ட்ஸ்ல லோ-பாஸ் ஒண்ணு வெச்சே ஆகணும்.

ஏன்னா முட்டுறது நின்னாலும் வெயில் முழுசா விடாது. ஓடுற மின்னோட்டத்துக்கு ஷாட் நாய்ஸ் (மின்னோட்டத்தோடயே வர்ற இரைச்சல்) உண்டு. 0.3 மில்லிஆம்பியருக்கு 200 கிலோஹெர்ட்ஸ்ல 4.4 நானோஆம்பியர். அதையே 1 மெகாஹெர்ட்ஸ் திறந்து விட்டா 10 நானோஆம்பியர். டெயில் லேம்ப் அரை வாட் ஒளி விடுதுன்னு வெச்சுக்கிட்டா, உங்க லென்ஸுல 20 மீட்டர்ல 78 நானோஆம்பியர், 40 மீட்டர்ல 20 நானோஆம்பியர்தான் கிடைக்கும். அப்ப 20 மீட்டர் நல்லா ஓடும், 40 மீட்டர் ஓடாது. கெயின் ஏத்தினா சிக்னலும் நாய்ஸும் சேர்ந்தே ஏறும், விகிதம் மாறாது. உள்ள வர்ற வெயிலைக் குறைச்சாத்தான் மாறும். அது லென்ஸ் பக்கத்து வேலை.

---

ஈரோடு_எம்பெடட் எழுதியது:

ராத்திரிக் கோளாறுக்கு: நூத்துக்கு ஒண்ணு ரெண்டு பிட் பிழை, ஆனா பாக்கெட் பூஜ்யம். இந்த ஜோடி அறிகுறியே என்ன நடக்குதுன்னு சொல்லிடுது. பிழை பரவலா வரல, கொத்துக் கொத்தா வருது.

மத்த வண்டியோட எல்இடி டெயில் லேம்ப்பும் டிஆர்எல்லும் (பகல்லயும் எரியுற முன்விளக்கு) மங்கலாத் தெரியணும்ங்கிறதுக்காக பிடபிள்யூஎம்ல (வேகமா ஆன்-ஆஃப் பண்ணி வெளிச்சத்தைக் குறைக்கிற முறை) அணைஞ்சு அணைஞ்சு எரியுது. ஒவ்வொரு மாடலுக்கும் அலைவெண் மாறும். கணக்குக்கு 200 ஹெர்ட்ஸ்னு எடுத்துக்கங்க. 200 ஹெர்ட்ஸ் உங்க பேண்டுக்கு வெளியதானேன்னு தோணும். ஆனா அது ஏறி இறங்குற விளிம்பு மைக்ரோசெகண்டு கணக்குல கூர்மையா இருக்கு. அந்த விளிம்பு உங்க 10 கிலோஹெர்ட்ஸ் ஹை-பாஸ்ல பட்டதும் ஒரு வால் விடும். டைம் கான்ஸ்டன்ட் 16 மைக்ரோசெகண்டு, அஞ்சு மடங்கு எடுத்தா 80. உங்க ஒரு பிட் 10 மைக்ரோசெகண்டு. ஆக விளிம்புக்கு 8 பிட் காலி.

நொடிக்கு 400 விளிம்பு, ஒவ்வொண்ணுக்கும் 80 மைக்ரோசெகண்டு, மொத்தம் 32 மில்லிசெகண்டு. அதாவது 3.2 சதவீத நேரம் கம்பேரேட்டர் குருடு. அதுல பாதி பிட் தற்செயலா சரியா விழும், மிச்சம் 1.6 சதவீதம் பிழை. நீங்க பாக்குற எண் அதேதான். இப்ப பாக்கெட்டைப் பாருங்க: 100 பைட் போக 8 மில்லிசெகண்டு ஆகுது. விளிம்பு சராசரி 2.5 மில்லிசெகண்டுக்கு ஒண்ணு. எந்த பாக்கெட்டும் குறைஞ்சது ரெண்டு அடி வாங்காமத் தப்பவே முடியாது.

கார்னரை 25 கிலோஹெர்ட்ஸுக்கு ஏத்தி வாலைக் குட்டையாக்கலாம்னு நினைப்பீங்க. வேணாம். மான்செஸ்டர்ல ஒரே நிலை தொடர்ந்து 10 மைக்ரோசெகண்டு நிக்கிற இடம் வரும். 25 கிலோஹெர்ட்ஸ்ல அதுக்குள்ள உங்க சொந்த சிக்னலே நாலுல மூணு பங்குக்கு மேல சரிஞ்சிடும். 10 கிலோஹெர்ட்ஸ்லயே பாதி கிட்ட சரியுது.

கம்பேரேட்டரையும் அந்த 10 கிலோஹெர்ட்ஸ் ஹை-பாஸையும் ரெண்டையும் எடுத்துடுங்க. மேல அண்ணன் சொன்ன 1.6 கிலோஹெர்ட்ஸ் கார்னர் ஒண்ணே போதும். அதுக்கப்புறம் இருபது மடங்கு பெருக்கி நேரா ஏடிசிக்கு (வோல்ட்டை எண்ணா மாத்துறது). எஸ்டிஎம் 32 எஃப் 103-ஓட ஏடிசி நொடிக்கு 10 லட்சம் மாதிரி (சாம்பிள்) எடுக்கும், பிட்டுக்கு 10 மாதிரி. டிஎம்ஏ-ல (ப்ராசசர் தலையிடாம நேரா மெமரிக்குப் போற வழி) வட்ட பஃபருக்குப் போட்டுக்கங்க. ஒவ்வொரு பிட்டுக்கும் முதல் 5 மாதிரியைக் கூட்டி, அடுத்த 5 மாதிரியோட கூட்டுத்தொகையைக் கழிங்க. விடை நேர்மமா எதிர்மமான்னுதான் தீர்ப்பு. மான்செஸ்டர்ல ஒவ்வொரு பிட்டுக்குள்ளயும் ஒரு மாற்றம் கட்டாயம் இருக்கிறதுனால இது நடக்குது.

இதுல நடக்குற நல்லதைப் பாருங்க. வால் இப்ப 100 மைக்ரோசெகண்டு டைம் கான்ஸ்டன்ட்டோட நீளமாத்தான் இருக்கும், ஆனா அரை பிட் நேரத்துல அது 5 சதவீதம்தான் இறங்கும். அடுத்த வண்டியோட விளிம்பு உங்க சிக்னலை விடப் பத்து மடங்கு பெருசா இருந்தாலும் கழிச்சதுக்கு அப்புறம் மிஞ்சுறது சிக்னல்ல பாதி. தீர்ப்பு கெடாது. விளிம்பு நேரா விழுற அந்த ஒரு பிட் மட்டும் போகும். ஒரே நிபந்தனை, பெருக்கின சிக்னல் ஏடிசியோட 0–3.3 வோல்ட்டுக்குள்ள நிக்கணும். முட்டிட்டா கழிச்சும் புண்ணியமில்லை.

மிச்சப் பிழைக்கு ரீட்-சாலமன், அதாவது கூடுதல் பைட் சேத்து பிழையைத் திருத்துற கோடு. 100 பைட் டேட்டாவுக்கு 16 பைட் பாரிட்டி சேத்தா 8 பைட் வரைக்கும் திருத்தும். 255, 239 கோடைச் சுருக்கினதுதான் இது. ரெண்டு வண்டி பக்கத்துல இருந்தாலும் அதுக்குள்ள அடங்கும். ஒளி வழி தகவல் தொடர்புக்கான ஐஈஈஈ 802.15.7 தரத்துலயும் வெளிப்புறப் பயன்பாட்டுக்கான பகுதி இப்படித்தான்: 200 கிலோஹெர்ட்ஸ் கிளாக்ல மான்செஸ்டர், மேல ரீட்-சாலமனும் கன்வல்யூஷனல்ங்கிற இன்னொரு பிழைதிருத்தக் கோடும், வேகம் 11.67 கிலோபிட்ல ஆரம்பிச்சு 100 வரைக்கும். வேகம் குறைஞ்சாலும் தாக்குப்பிடிக்கணும்னு எழுதினது.

ஒரு கேள்வி திருப்பிக் கேக்கறேன்: பாக்கெட் ஏன் 100 பைட்? பிரேக் நிலை, வேகம், வண்டி அடையாளம், வரிசை எண், சிஆர்சி எல்லாம் 16 பைட்ல அடங்கும். 1.28 மில்லிசெகண்டுல போயிடும். அடுத்த வண்டியோட பிடபிள்யூஎம் 20 சதவீத டூட்டின்னா, அதாவது அஞ்சுல ஒரு பங்கு நேரம்தான் எரியுதுன்னா, விளிம்புகளுக்கு நடுவுல 4 மில்லிசெகண்டு இடைவெளி கிடைக்கும், அதுக்குள்ள அலுங்காம நுழைஞ்சிடும். ஒரே செய்தியை மூணு தடவை அனுப்புங்க. ஆனா இடைவெளி ஒரே அளவா 5, 10 மில்லிசெகண்டுன்னு இருக்கக் கூடாது. மூணும் அதே விளிம்புல போய் விழும். ஒவ்வொரு தடவையும் 3-ல இருந்து 9 மில்லிசெகண்டுக்குள்ள தற்செயலா மாத்துங்க.

---

பீளமேடு_இசிஇ எழுதியது:

அண்ணா, 3.2 சதவீதத்துல பாதின்னு நீங்க காட்டினது அச்சு அசலா எங்க எண்தானுங்க. பாக்கெட்டை 16 பைட்டாக்கிடறோம்.

இன்னும் மூணு சந்தேகம். வெயிலைக் குறைக்க என்ன ஃபில்டர் வாங்கறது? பக்கத்து லேன் வண்டியும் இதே மாதிரி அனுப்பினா எப்படிப் பிரிக்கறது? பின் வண்டியோட ஹெட்லைட் வழியா பதில் அனுப்பலாம்னு ஒரு ஆசை, அது ஆகுமா?

---

பொள்ளாச்சி_ஒளியியல் எழுதியது:

டெயில் லேம்ப் சிவப்பு எல்இடி 620–635 நானோமீட்டர் பக்கம் நிக்கும். 630 மையம், 40 அகலம் உள்ள பேண்ட்பாஸ் ஃபில்டர் போட்டா வெயில்ல அந்த ஜன்னலுக்குள்ள வர்றது சதுர மீட்டருக்கு 60 வாட் கிட்ட. சிலிக்கான் பாக்குற மொத்த வெயில்ல ஏறக்குறைய பதினாலுல ஒரு பங்கு. ஷாட் நாய்ஸ் அதோட வர்க்கமூலமா குறையும், 4.4 நானோஆம்பியர் 1.2 ஆகும். ஃபில்டர்ல சிக்னலும் கொஞ்சம் போனாலும் 40 மீட்டர் பகல்லயே வரும்.

ஃபில்டரை எங்க வைக்கறீங்கங்கிறதுலதான் காரியமே இருக்கு. இது இன்டர்ஃபியரன்ஸ் ஃபில்டர், சாய்வா வர்ற ஒளிக்கு ஜன்னல் நீலப் பக்கம் நகரும். லென்ஸுக்கும் டயோடுக்கும் நடுவுல வெச்சீங்கன்னா, உங்க லென்ஸோட ஓரக் கதிர் 26 பாகை சாய்ஞ்சு வரும், ஜன்னல் 16 நானோமீட்டர் நகர்ந்துடும். 610-ல இருந்து 650 வரைக்கும் இருந்தது 594–634 ஆயிடும், உங்க எல்இடி ஓரத்துல தொங்கும். லென்ஸுக்கு முன்னால வைங்க. அங்க கதிர் 3 பாகைக்குள்ளதான் சாயும், நகர்வு கணக்கிலேயே வராது. 25 மிமீ ஃபில்டர் வேணும், விலை கூடத்தான். வேற வழியில்லை.

காசு இல்லைன்னா சிவப்பு அக்ரிலிக் துண்டும், பழைய வெப்கேம்ல இருக்கிற ஐஆர் கட் கண்ணாடியும் சேத்துப் போடுங்க. சிவப்பு அக்ரிலிக் தனியா போட்டு நிறைய பேர் ஏமாறுறாங்க. அது அகச்சிவப்பை அப்படியே விடுது, இந்த டயோடு அதிகமா உணர்றதே 900 நானோமீட்டர்லதான். ரெண்டும் சேந்தாத்தான் ஜன்னல் மாதிரி ஆகும். வெப்கேம் கண்ணாடி சின்னதுங்கிறதுனால டயோடு கிட்டத்தான் வைக்க முடியும், அதுவும் சாய்வுக்கு நகரும். ஒட்டறதுக்கு முன்னால உங்க லேம்ப்பை எரிய விட்டு சிக்னல் எவ்வளவு குறையுதுன்னு பாத்துக்குங்க.

பக்கத்து லேன் விஷயம். 2.7 மிமீ சில்லு, 25 மிமீ குவியம்: பார்வை 6 பாகை. 20 மீட்டர்ல 2.2 மீட்டர் அகலம்தான் தெரியும். நெடுஞ்சாலை லேன் 3.5 மீட்டர், அதனால முன் வண்டி மட்டும் விழும். 50 மீட்டர்ல 5.4 மீட்டர், அடுத்த லேனும் உள்ள வந்துடும். வளைவுல சொந்த ஆளே வெளிய போயிடுவாரு. ஒரு டயோடுக்குப் பதிலா நாலை வரிசையா வெச்சு, ஒவ்வொண்ணுக்கும் தனி ஆம்ப் போட்டு, எதுல பாக்கெட் சரியா வருதோ அதை எடுத்துக்கறதுதான் உருப்படியான வழி. ஒருத்தர் பேசும்போது இன்னொருத்தர் காத்திருக்கலாம்ங்கிற யோசனை இங்க எடுபடாது. ரெண்டு லேன்ல முன்னால போற ரெண்டு வண்டிக்கும் ஒருத்தர் டெயில் லேம்ப் ஒருத்தருக்குத் தெரியாது. அதுக்கும் மேல ஈரோட்டு அண்ணன் சொன்ன தற்செயல் இடைவெளிதான் கை கொடுக்கும்.

கிராஸ்கட் ரோட்டுல ஜவுளிக்கடை எல்இடி போர்டுங்க சிவப்புலயே கிலோஹெர்ட்ஸ் கணக்குல ஸ்கேன் ஆகுது. அதுக்குக் கலர் ஃபில்டர் ஒண்ணும் பண்ணாது, குறுகின பார்வை மட்டும்தான் காப்பாத்தும்.

சூரியன் நேரா லென்ஸுல விழுற இடத்தை மறந்துடாதீங்க. மதுக்கரை தாண்டி பாலக்காடு பக்கம் சாயங்காலம் போனாலோ, காலையில அவிநாசி பக்கம் போனாலோ சூரியன் கண்ணுக்கு நேரா நிக்கும். 25 மிமீ லென்ஸ் அதைக் கால் மிமீ புள்ளியா டயோடு மேல குவிக்கும். ஃபில்டர் இல்லாம இருந்தா சில்லு கருகிடும். ஃபில்டர் முன்னால இருந்தா பெரும்பகுதி தப்பிக்கும், ஆனா அந்த நிமிஷம் டேட்டா வராது. அதை மென்பொருள்ல 'இணைப்பு இல்லை'ன்னு தெளிவா காட்டுங்க, பழைய வேகத்தைப் பிடிச்சு வெச்சுக்கிட்டு இருக்கக் கூடாது. பக்கவாட்டு வெயிலுக்கு 60 மிமீ நீளத்துல அலுமினியக் குழாய் ஒண்ணை லேத்துல கடைஞ்சு, உள்பக்கம் வரி வரியா வெட்டி மேட் கறுப்பு அடிச்சு மாட்டுங்க. லென்ஸுல தூசி இருந்தா பக்கத்துல இருந்து வர்ற வெயிலும் சிதறி உள்ள வரும்.

பொள்ளாச்சி ரோட்டுத் தென்னை நிழலைப் பத்திக் கவலை வேண்டாம். சூரியனுக்கு அரைப் பாகை அகலம் இருக்கு, 10 மீட்டர் உயரத்து ஓலை நிழலோட விளிம்பு தரையில 9 செமீ மங்கலா விழும். 60 கிமீ வேகத்துல அதைத் தாண்ட 5 மில்லிசெகண்டு ஆகும். 1.6 கிலோஹெர்ட்ஸ் கார்னர் அதை விழுங்கிடும்.

மூடுபனி அப்படியில்லை. வால்பாறை மலைப்பாதையில பார்வைத்தூரம் 50 மீட்டருக்கு இறங்கினா, 20 மீட்டருக்கே ஒளி அஞ்சுல ஒண்ணுதான் மிஞ்சும். நிறம் மாத்தியும் தப்ப முடியாது, பனித்துளி எல்லா நிறத்தையும் ஒண்ணாத்தான் சிதறடிக்கும். நல்ல வேளையா அப்ப வெயிலும் குறைவு. வேகத்தை 100-ல இருந்து 10 கிலோபிட்டுக்கு இறக்கி, பிட்டுக்கு 100 மாதிரி கூட்டினா விட்டதைப் பிடிச்சுக்கலாம்.

ஹெட்லைட் பதில் ஆகும், ஆனா அதுக்கு வேற ரிசீவர், வேற ஃபில்டர். வெள்ளை எல்இடில 750 நானோமீட்டருக்கு மேல ஒண்ணும் இல்லை, அதனால ஐஆர் கட் மட்டும் போதும். 100 கிலோபிட்டுக்கு நீல ஃபில்டர் போட்டு ஒளியை வீணாக்காதீங்க, அது மெகாஹெர்ட்ஸ் வேகத்துக்குத்தான் தேவை. உங்க ஹெட்லைட் முன் வண்டியோட நம்பர் பிளேட்ல பட்டு உங்களுக்கே திரும்பி வரும். இப்ப வர்ற உயர்பாதுகாப்பு பிளேட் எல்லாம் ஒளியைத் திருப்பி அடிக்கிற ஷீட்தான். உங்க சிவப்பு ஃபில்டருக்குள்ளயும் வெள்ளை ஒளியோட ஒரு பங்கு நுழையும். அனுப்புற நேரமும் கேக்குற நேரமும் தனித்தனியா இருக்கட்டும், சொந்த அடையாள எண்ணோட வர்ற பாக்கெட்டைத் தூக்கிப் போட்டுடுங்க.

---

அனலாக்_கணபதி எழுதியது:

அனுப்புற பக்கம் ரெண்டு விஷயம் விட்டுப்போச்சு. டெயிலுக்கும் பிரேக்குக்கும் வெளிச்ச வித்தியாசத்தை உங்க லேம்ப்ல பிடபிள்யூஎம்ல காட்டாதீங்க, மின்னோட்ட அளவை மாத்திக் காட்டுங்க. இல்லைன்னா உங்க விளக்கே உங்களுக்குக் குறுக்கீடு. மான்செஸ்டர்ல பாதி நேரம் அணைஞ்சிருக்கிறதுனால மின்னோட்டத்தை ரெண்டு மடங்காக்கணும், எல்இடியோட தாங்கு அளவைப் பாத்துக்கங்க. பாக்கெட் இல்லாத நேரத்துலயும் 1010-ன்னு ஓட விட்டுக்கிட்டே இருங்க. வெளிச்சம் மாறாம இருக்கும், கண்ணுக்கு மினுக்கல் தெரியாது. மேல சொன்ன ஐஈஈஈ தரத்துல மினுக்கலுக்கு வெச்சிருக்கிற எல்லை 5 மில்லிசெகண்டு.

கடையில வாங்கின லேம்ப்னா உள்ள டிரைவர் போர்டுல அவுட்புட் கப்பாசிட்டர் இருக்கும். அதோட 12 வோல்ட் இன்புட்டை சுவிட்ச் பண்ணினா விளிம்பு மழுங்கி 0-வும் 1-உம் பிரிஞ்சே தெரியாது. எல்இடி வரிசைக்குக் கீழ, கேத்தோடு பக்கம் மாஸ்ஃபெட்டைப் போடுங்க, கேட்டுக்கு டிசி 4427 மாதிரி டிரைவர், 10 ஓம் சீரீஸ். மாஸ்ஃபெட்ல இருந்து லேம்புக்குப் போற ரெண்டு ஒயரையும் முறுக்கி, ஒரு அடிக்குள்ள முடிங்க.

சோதனையெல்லாம் கல்லூரி மைதானத்துலயே வெச்சுக்கங்க. நீலாம்பூர் பைபாஸ்ல மாத்தின டெயில் லேம்ப்போட வண்டியை இறக்க வேண்டாம். அடுத்த வண்டியோட பிடபிள்யூஎம் குறுக்கீடு வேணும்னா, 200 ஹெர்ட்ஸ்ல ஓடுற இன்னொரு டெயில் லேம்ப்பை 2 மீட்டர் தள்ளி நிறுத்தினா அதே குறுக்கீடு கிடைக்கும். டூட்டியை 10-ல இருந்து 90 வரைக்கும் மாத்தி, ஒவ்வொண்ணுக்கும் பாக்கெட் எத்தனை தேறுதுன்னு ஒரு வரைபடம் போடுங்க. மதிப்பீட்டுக்கு வர்றவங்க முதல்ல கேக்குறது அதுதான்.